முழுப் படைப்பா, ஒரு பகுதியா, வீடியோவா? அமெச்சூர் குழு சமகால நடனம் ஒன்றை மறுபடி மேடையேற்றும்போது

ஒரு அமெச்சூர் நடனக் குழு சொந்தமாக அமைத்த ஆட்டங்களையே ஆடி அலுத்துப்போகும் கட்டம் ஒன்று வரும். "இந்த முறை பெரிய நடன அமைப்பாளர் ஒருவருடைய படைப்பை எடுத்துச் செய்யலாமா?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பேச்சு அங்கிருந்து நேராக "எந்தப் படைப்பு?" என்பதற்குப் போய்விடும். ஆளுக்கொரு வீடியோ லிங்க் அனுப்புவார்கள், வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடக்கும், அதிகம் பேருக்குப் பிடித்தது ஜெயிக்கும். என்னைக் கேட்டால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது: அதை நமக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் படைப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

நான் மனதில் வைத்திருப்பது பத்திலிருந்து இருபது பேர் கொண்ட குழு. வாரத்தில் ஒன்றிரண்டு மாலைகள்தான் ஒத்திகை. சிலருக்குப் பல வருடப் பயிற்சி உண்டு, சிலர் புதிதாக வந்தவர்கள். நிகழ்ச்சிக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம் இருக்கிறது. இப்படிப்பட்ட குழுவுக்கு என்னென்ன வழிகள் உண்டு, எது எதைவிட மேல் என்று பார்ப்போம்.

முழுப் படைப்பு, முறையான உரிமத்தோடு

மனசுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். நடக்காத காரியமும் இல்லை. ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பாவுஷ் 1978இல் வூப்பர்டால் நகரில் அமைத்த 'கோன்டாக்ட்ஹோஃப்' கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படைப்பு. 2000இல் அதையே 65 வயதைத் தாண்டிய, தொழில்முறை நடனக்காரர்கள் அல்லாத ஆண்களையும் பெண்களையும் வைத்து மறுபடி செய்தார். 2008இல் 14 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்தார். பிள்ளைகளோடு நடந்த ஒத்திகைகள் ஓர் ஆவணப்படமாகவும் வந்தன. அவர்களில் பலர் அதற்கு முன் மேடையில் ஆடியதே இல்லை.

இதைக் காட்டி "அவர்களே செய்தார்கள், நம்மால் முடியாதா?" என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம் வாராவாரம் ஒத்திகை நடந்தது. சொல்லித்தந்த ஜோ ஆன் எண்டிகாட்டும் பெனெடிக்ட் பிய்யேவும் பாவுஷின் குழுவிலேயே ஆடியவர்கள். பாவுஷும் அவ்வப்போது வந்து பார்த்தார். பின்னால் ஒரு முழுநேர நடன நிறுவனம் நின்றது. அங்கே அமெச்சூராக இருந்தவர்கள் ஆடியவர்கள் மட்டும்தான்.

படைப்பின் இயல்பும் ஒரு காரணம். ஆடுபவர்கள் முன்னால் வந்து முகம், பல், கை, முதுகு என்று காட்டிவிட்டுப் போவதில் அது தொடங்குகிறது. நடப்பது, உட்காருவது, தொடுவது, சீண்டுவது, கூச்சப்படுவது எல்லாம்தான் அதன் சரக்கு. ஒருவருடைய வயதும் உடம்பும் அங்கே குறையாகத் தெரிவதில்லை. பார்க்க வேண்டியதே அதுதான். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் படைப்பை இப்படிச் செய்துவிட முடியாது. உடம்பின் மேல்பாதி ஒரு பக்கம் வளைந்திருக்க, கால் இன்னொரு பக்கம் உயர்ந்திருக்க, ஒற்றைக் காலில் நின்றபடி, இசையின் துணையில்லாமல் நேரத்தை உள்ளுக்குள் கணக்கு வைத்து ஆட வருடக்கணக்கான பயிற்சி வேண்டும். கன்னிங்ஹாம் 2009இல் மறைந்தார்; 2011ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அவர் குழு கலைக்கப்பட்டது. வீடியோ, விளக்கு வரைபடம், உடை விவரம் என்று எல்லாவற்றையும் படைப்பு வாரியாக அவருடைய அறக்கட்டளை தொகுத்து வைத்திருக்கிறது. இருந்தாலும் உரிமம் தரும்போது கூடவே சொல்லித்தர ஓர் ஆளையும் அனுப்புகிறார்கள். அத்தனை ஆவணம் இருந்தும் ஆள் தேவைப்படுகிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சென்னை நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் 'சரீரா' (2001) அவர் 2006இல் மறைந்த பிறகும் மேடையேறிக்கொண்டிருந்தது என்றால், அவரிடம் நேராகக் கற்ற இருவரின் உடம்பில் அது இருந்ததால்தான்.

ஆகவே முழுப் படைப்புக்கு மூன்று வேண்டும்: ஒரு வருடம், சம்பளத்துக்கு வந்து நின்று சொல்லித்தரும் ஆள், கடைசி வரை மாறாத குழு. அமெச்சூர் குழுவில் முதலில் கைவிட்டுப் போவது மூன்றாவது. ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு வேலை மாற்றம், ஒருவருக்கு முட்டி. மூன்று மணி நேரப் படைப்பில் ஒருவர் விலகினால் நாற்பது இடத்தில் ஓட்டை விழும்.

வீடியோவைப் பார்த்துத் தாங்களே கற்பது

உள்ளதைச் சொன்னால், நிறையக் குழுக்கள் தொடங்குவது இங்கேதான். செலவில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, ராத்திரி பதினோரு மணிக்கும் உட்கார்ந்து பார்க்கலாம்.

யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே முதலில் சரியில்லை. 1908ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே நடன அமைப்பு, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. அந்த உடன்படிக்கைப்படி, படைத்தவர் இறந்த பிறகும் குறைந்தது 50 வருடம் உரிமை நீடிக்கும்; பல நாடுகளில் அது 70. சமகாலம் என்று நாம் பேசும் படைப்புகளில் அனேகமாக எல்லாமே இந்த வரம்புக்குள் அடங்கும். "டிக்கெட் வைக்கவில்லை", "நோட்டீஸில் அவர் பெயரைப் போட்டோமே" என்பதெல்லாம் நல்லெண்ணம். அனுமதி ஆகாது. கேட்காமல் செய்தால் யாராவது வழக்குப் போடுவார்களா என்றால், சின்னக் குழுவைத் தேடி வருவது அபூர்வம்தான். ஆனால் அந்த நிகழ்ச்சியின் வீடியோவை நீங்கள் எங்கும் ஏற்ற முடியாது, அதைக் காட்டி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது, அந்த நடன அமைப்பாளரின் குழுவை நாளைக்கு அணுகவும் வாய் வராது.

சட்டத்தை விடுங்கள். நடனமாகவே இந்த வழி நொண்டி. வீடியோவில் தெரிவது விளைவு மட்டும்தான். அந்த விளைவு வர உள்ளே நடந்த வேலை தெரியாது. இரண்டு பேர் ஒரே நொடியில் திரும்புகிறார்கள். எதை வைத்துத் திரும்பினார்கள்? எண்ணிக்கையா, மூச்சா, பின்னால் மூன்றாமவர் கால் வைத்த சத்தமா? அமெரிக்க நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் 'ஒன் ஃப்ளாட் திங், ரீப்ரொட்யூஸ்ட்' (2000) வரிசையாகப் போட்ட மேசைகளுக்கு நடுவிலும் மேலும் கீழும் ஆடப்படுவது. பார்த்தால் கலவரம் மாதிரி இருக்கும். உண்மையில் யார் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை இன்னொருவரின் குறிப்பிட்ட அசைவே சைகையாக நின்று முடிவு செய்கிறது. 2009இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'சிங்க்ரனஸ் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற இணையதளத்தில் அந்தச் சைகைகளைக் கோடு கோடாக வரைந்து காட்டியபோதுதான் வெளியாட்களுக்கு அது பிடிபட்டது. வெறும் வீடியோவை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க நம்மால் ஆகாது. நாம் என்ன செய்வோம் என்றால், எல்லாவற்றுக்கும் ஓர் எண்ணிக்கை போட்டு அடக்கிவிடுவோம். ஸ்டெப் எல்லாம் வந்திருக்கும், ஒருவரை ஒருவர் கவனிப்பது போயிருக்கும்.

கேமராவும் ஏமாற்றும். பெல்ஜிய நடன அமைப்பாளர் அன்னா தெரேசா டி கேர்ஸ்மேக்கரின் 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' (1983) மேடையில் நான்கு பெண்கள் ஆடுவது. பலர் இணையத்தில் பார்த்திருப்பதோ இயக்குநர் தியெரி டி மே 1997இல் பெல்ஜியத்தின் லூவனில் ஒரு பழைய தொழிற்பள்ளிக் கட்டடத்தில் எடுத்த படத்தை. நீளம் மேடை வடிவத்தைவிட நன்றாகக் குறைவு, ஆடுபவர்கள் அதிகம், ஜன்னலும் தாழ்வாரமும் சேர்ந்து ஆடுகின்றன. அதைப் பார்த்துக் கற்றால் கையில் மிஞ்சுவது பாதி நடனம், பாதி எடிட்டிங். மேடையைப் பதிவு செய்த வீடியோவிலும் கேமரா ஒருவரின் முகத்துக்குப் போகும் நேரத்தில் மற்ற மூவர் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும்.

அமெரிக்க நடன அமைப்பாளர் இவோன் ரெய்னரின் 'ட்ரியோ ஏ' (1966) இதற்குச் சரியான பாடம். ஏறக்குறைய ஐந்து நிமிடம். நடப்பது, குனிவது, கையைச் சுழற்றுவது, தரையில் உருளுவது என்று எல்லாம் சாதாரண அசைவுகள் மாதிரி இருக்கும். ஒரு தொடர் திரும்ப வருவதில்லை, எங்கேயும் அழுத்தமோ நிறுத்தமோ கிடையாது, ஆடுபவர் பார்வையாளரை ஒருமுறைகூட நேராகப் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் ரெய்னர், யார் வேண்டுமானாலும் கற்கட்டும், மற்றவருக்கும் கற்றுத்தரட்டும் என்று தாராளமாக விட்டிருந்தார். கை மாறிக் கை மாறி அது என்ன ஆனது என்பதைப் பார்த்த பிறகு மனம் மாறி, தான் அங்கீகரித்த சிலர் மட்டுமே கற்றுத்தரலாம் என்று வைத்தார். 1978இல் எடுத்த படம் எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. அதைப் பார்த்து அசைவுகளின் வரிசையைக் கற்றுவிடலாம். எந்த அசைவையும் மற்றதைவிடப் பெரிதாக்காமல் ஆடுவது எப்படி என்பதைப் படம் சொல்லித்தராது, ஏனென்றால் உங்கள் உடம்பு எந்த இடத்தில் தன்னையறியாமல் 'நடனம்' ஆட ஆரம்பிக்கிறது என்பதை எதிரில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்காக வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும்போது பார்க்கவும், சொல்லித்தருபவர் வராத வாரங்களில் நினைவுபடுத்திக்கொள்ளவும் அது வேண்டும்.

அசைவுகளைத் தாளில் எழுதி வைக்கும் குறிப்பு முறைகளும் உண்டு. லாபன் முறை 1928இலும் பெனெஷ் முறை 1950களிலும் வெளிவந்தன. நியூயார்க்கின் டான்ஸ் நொட்டேஷன் பீரோ 1940 முதல் லாபன் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. வாசிக்கத் தெரிந்து, வாசித்ததை உடம்பில் ஏற்றவும் தெரிந்த ஆள் கிடைத்தால் அருமை. அப்படி ஒருவர் வந்துவிட்டால் அது 'ஆள் வந்து சொல்லித்தருவது' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். தாள் மட்டும் இருந்தால் ஏட்டுச் சுரைக்காய்தான்.

எல்லோருக்கும் திறந்துவிட்டவை

சில படைப்பாளிகள் தாங்களே கதவைத் திறந்திருக்கிறார்கள். 2011இல் பியான்சேயின் ஒரு பாடல் காணொளியில் 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' அசைவுகள் அப்படியே வந்திருப்பதாகப் பெரிய சர்ச்சை கிளம்பியது. இரண்டு வருடம் கழித்து, அந்தப் படைப்பின் முப்பதாவது ஆண்டில், டி கேர்ஸ்மேக்கர் 'ரீ:ரோசாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். புகழ்பெற்ற நாற்காலிப் பகுதியைத் துண்டு துண்டாக வீடியோவில் சொல்லித்தந்து, உங்கள் வடிவத்தைச் செய்து அனுப்புங்கள் என்றார். பாவுஷ் அறக்கட்டளை 2017இல் 'நெல்கன்' (1982) படைப்பில் வரும் ஊர்வலத்தை இதே மாதிரி திறந்துவிட்டது. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு பருவத்துக்கும் நான்கு கைச்சைகைகள், ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டே.

இந்த வீடியோக்கள் மேலே திட்டிய ரகத்தைச் சேர்ந்தவை இல்லை. கற்றுத்தருவதற்கென்றே எடுத்தவை. எந்த எண்ணிக்கையில் தலை திரும்புகிறது, எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். நெல்கன் ஊர்வலத்துக்கு ஆட்கள் எத்தனை பேர் வந்தாலும் சரி, கடைசி நாளில் மூன்று பேர் வராவிட்டாலும் சரி, வரிசை வரிசையாகவே இருக்கும். நாற்காலிப் பகுதி அப்படி இல்லை. அசைவுகள் குறைவு, அவை அடுக்கப்படும் விதம்தான் கடினம். பார்க்கச் சுலபம் என்று உட்காருபவர்கள் பத்தாவது நிமிடத்தில் எண்ணிக்கையைத் தொலைப்பார்கள். தொலைத்துத் தேடுவதே நல்ல பயிற்சி.

குறை என்னவென்றால், உங்களைத் திருத்த எதிரில் ஆள் இல்லை. இரண்டுமே சின்னப் பகுதிகள். ஒரு மாலை நிகழ்ச்சியைத் தனியாகத் தாங்காது. ஏகப்பட்ட பேர் செய்து வெளியிட்டுவிட்டதால் புதுமை என்றும் சொல்ல முடியாது. திறந்துவிட்டது எதற்கு, டிக்கெட் வைத்து மேடையில் ஆடுவதற்கும் சேர்த்தா என்பதை அந்தந்தத் திட்டத்தின் நிபந்தனைகளில் படித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை முயலும் குழுவுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் நிகழ்ச்சியாக இல்லை, ஒத்திகையாக. இரண்டு மாதம் இதைச் செய்து பார்த்தால், வேறொருவர் அமைத்ததைத் துல்லியமாக ஆடுவதில் உங்கள் குழுவுக்குப் பொறுமை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சிலருக்கு இருக்காது. அதை உரிமக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

குறிப்பே படைப்பாக இருப்பவை

அமெரிக்க நடன அமைப்பாளர் ஸ்டீவ் பாக்ஸ்டனின் 'சாட்டிஸ்ஃபையின் லவர்' (1967) என்பதில் பெரிய கூட்டம் ஒன்று மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து போகிறது. சிலர் நடுவில் நிற்கிறார்கள், சிலர் நாற்காலியில் சற்று உட்காருகிறார்கள். யார் எப்போது கிளம்ப வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பு அச்சிலும் வந்திருக்கிறது. இன்னொரு அமெரிக்க நடன அமைப்பாளர் ஆன்னா ஹால்ப்ரினின் 'பிளானட்டரி டான்ஸ்' 1980களிலிருந்து நடந்துவருகிறது. தாளத்துக்கு ஏற்ப வட்டம் வட்டமாக ஓடவோ நடக்கவோ நிற்கவோ வேண்டும், யாரும் சேரலாம். பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஜெரோம் பெல்லின் 'த ஷோ மஸ்ட் கோ ஆன்' (2001), 'காலா' (2015) இரண்டுக்கும் அந்தந்த ஊரிலேயே ஆட்களைச் சேர்ப்பார்கள், தொழில்முறை ஆட்களும் மற்றவர்களும் கலந்து. சுற்றுச்சூழல் காரணத்துக்காக 2019இலிருந்து விமானப் பயணத்தையே விட்டுவிட்ட பெல், தொலைவில் இருப்பவர்களோடு வீடியோ அழைப்பிலும் எழுத்துக் குறிப்பின் வழியாகவும் வேலை செய்யத் தொடங்கினார். சொல்லித்தருபவரின் பயணச் செலவைப் பார்த்து மலைக்கும் குழுக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இந்த வகைப் படைப்புகள் அமெச்சூர்களுக்கென்றே செய்தவை மாதிரி தோன்றும். ஒரு எச்சரிக்கை. சாதாரணமாக நடப்பதுதான் மேடையில் ஆகக் கடினம். நூறு பேர் பார்க்கிறார்கள் என்றதும் ஒருவர் மார்பை நிமிர்த்துவார், ஒருவர் வேண்டுமென்றே சோம்பலாக நடப்பார், ஒருவருக்குச் சிரிப்பு வரும். பரதம் பல வருடம் கற்றவருக்கு இது இன்னும் சிரமம். அவர் உடம்பு சும்மா இருந்து பழகியதே இல்லை. போன வாரம் சேர்ந்த ஆள் இதைச் சிறப்பாகச் செய்து, குழுவின் நட்சத்திரம் தடுமாறும் அதிசயம் இங்கே நடக்கும். குழுவுக்குள் உள்ள மேல்-கீழ் கலைவதற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் நட்சத்திரமும் அவர் வீட்டாரும் "இதற்கா இத்தனை நாள் ஒத்திகை?" என்று கேட்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

குறிப்பு அச்சில் கிடைக்கிறது என்பதால் கேட்காமல் ஆடலாம் என்று ஆகிவிடாது. நாடகப் புத்தகம் கடையில் கிடைத்தாலும் மேடையேற்ற அனுமதி வாங்குகிறோம் இல்லையா, அதேதான்.

ஒரு பகுதி, கூடவே அதை ஆடிய ஓர் ஆள்

என் ஓட்டு இதற்குத்தான். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது குழுவுக்கு அதிகம் தரும். முழுப் படைப்பு மாதிரி முதுகை ஒடிக்காது. பிரான்ஸில் இதற்கென்றே அரசு ஆதரவோடு ஒரு திட்டம் 2006இலிருந்து நடக்கிறது. தேசிய நடன மையம் அதை நடத்துகிறது. அமெச்சூர் குழுக்கள் ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பை முழுதாகவோ பகுதியாகவோ, நடன அமைப்பாளரிடமிருந்தோ அதை ஆடியவரிடமிருந்தோ குறிப்பு வாசிக்கத் தெரிந்தவரிடமிருந்தோ கற்று, ஒரு தேசிய சந்திப்பில் ஆடிக் காட்டுகிறார்கள்.

ஆடியவர் ஒருவர் அறைக்குள் வரும்போது என்ன வித்தியாசம்? அவருக்கு ஸ்டெப் தெரியும் என்பது சின்ன விஷயம். ஏன் அது அப்படி என்பது அவருக்குத் தெரியும். 'இந்தக் கை முதலில் வேறு மாதிரி இருந்தது, ஒருவருக்குத் தோளில் அடிபட்டதால் மாறியது, உங்களுக்கு எது வருகிறதோ அதைச் செய்யுங்கள்' என்று அவரால் சொல்ல முடியும். 'இந்த இடைவெளி மட்டும் மாறவே கூடாது' என்றும் அவரால்தான் சொல்ல முடியும். எது வளையும், எது வளையாது என்று பிரித்துக் காட்டும் அதிகாரம் வீடியோவுக்குக் கிடையாது. அமெச்சூர் குழுவுக்குத் தேவையே அந்தப் பிரிப்புதான். ஐம்பது வயது முட்டிக்கு ஏற்பத் தாவலை மாற்றலாமா, நான்கு பேர் பகுதியை எட்டுப் பேர் இரட்டித்து ஆடலாமா, பெண் ஆடியதை ஆண் ஆடலாமா என்ற கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். பிரெஞ்சு நடன அமைப்பாளர் டொமினிக் பகுவே 1992இல் இறந்த பிறகு அவரோடு ஆடியவர்கள் 'கார்னே பகுவே' என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, அவருடைய படைப்புகளைப் பிறருக்குக் கொடுப்பதையே வேலையாகச் செய்தார்கள். அவர்கள் கையில் இருந்த சொத்து தாளும் ஒளிநாடாவும் மட்டுமில்லை, இந்த மாதிரி நினைவுகளும்தான்.

எந்தப் பகுதி என்பதில் கவனம் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த, கைதட்டல் வாங்கும் உச்சக்கட்டத்தையே எடுக்கத் தோன்றும். அந்த உச்சம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் மேல் நிற்கிறது. 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' போன்ற படைப்பில் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகும் களைப்பே ஒரு பாத்திரம். புதிதாக மேடைக்கு வந்தவர்கள் அதை நடித்துக் காட்டத்தான் முடியும். பத்து, பதினைந்து நிமிடத்தில் தானே தொடங்கித் தானே முடியும் பகுதி இருக்கிறதா என்று சொல்லித்தருபவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர் நீங்கள் நினைக்காத ஓர் இடத்தைச் சொல்வார். அதையே எடுங்கள். முடிந்தால் உடற்பயிற்சியால் கனக்காமல் கவனத்தால் கனக்கும் பகுதியாக இருக்கட்டும்: எண்ணிக்கை, இடைவெளி, மற்றவரைக் கேட்பது. அது வாரம் இரண்டு மாலையில் வளரும். காலை உயர்த்தும் திறமை ஆறு மாதத்தில் வளராது.

அவர் தொடர்ந்து கூடவே இருக்கத் தேவையில்லை. வசதி குறைந்த குழுவுக்கு நான் சொல்லும் முறை மூன்று வருகை. முதல் முறை நீண்ட வார இறுதி ஒன்று, அசைவுகளைக் கொடுக்க. இரண்டாவது முறை பாதி வழியில், தப்பாகப் பழகியதைப் பிடுங்க. மூன்றாவது முறை நிகழ்ச்சிக்கு ஒட்டி, மேடை அளவுக்கும் விளக்குக்கும் பொருத்த. மூன்றில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் முதலாவதைச் சுருக்குங்கள், இரண்டாவதை விடாதீர்கள். இடைப்பட்ட வாரங்களில் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார, தானே ஆடாத ஒருவர் குழுவில் வேண்டும். ஆடுபவரே ஒத்திகையையும் நடத்தினால் இரண்டுமே கெடும்.

இதிலும் மோசம் போக வழி உண்டு. ஆடியவர் எல்லோரும் கற்றுத்தரத் தெரிந்தவர்கள் இல்லை. தொழில்முறை ஆட்களோடு மட்டுமே பழகியவர், மூன்றாவது முறை மறந்துபோனவரைப் பார்த்துப் பொறுமை இழப்பார். முன்பே ஒரு மணி நேரம் ஆன்லைனில் வகுப்பு மாதிரி ஒன்று வைத்துப் பாருங்கள். இன்னொன்று, ஆடியவருக்கு நினைவு இருக்கிறது என்பதால் உரிமையும் அவரிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. உரிமை நடன அமைப்பாளரிடமோ அவருடைய வாரிசிடமோ அறக்கட்டளையிடமோ இருக்கும். இருவரிடமும் பேச வேண்டும்.

தழுவல் என்று சொல்லிச் சொந்தமாக

எதுவும் ஒத்துவரவில்லை என்றால், ஒரு படைப்பைப் படித்துவிட்டு அதற்குப் பதில் சொல்வது மாதிரி சொந்தமாக ஒன்று செய்யலாம். 2003இல் பிரிட்டிஷ் நடன அமைப்பாளர் ராய்ஸ்டன் மால்டூம் சுமார் 250 பெர்லின் பிள்ளைகளை வைத்து, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க, ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்குப் புதிதாக நடனம் அமைத்தார். 1913இல் அதே இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த நடனத்தை மறுபடி செய்யும் வேலையில் அவர் இறங்கவே இல்லை. பிரெஞ்சு நடன அமைப்பாளர் போரிஸ் ஷார்மாட்ஸ் 2009இல் செய்தது இன்னும் குறும்பு. கன்னிங்ஹாமின் ஐம்பது ஆண்டுப் பணி பற்றிய ஒரு புகைப்படப் புத்தகத்தை எடுத்து, படங்களை வரிசையாக உடம்பில் நிறுத்தி, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும் வழியை ஆடுபவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். தொழில்முறை ஆட்களோடு ஒரு வடிவம், கன்னிங்ஹாமின் பழைய நடனக்காரர்களோடு ஒன்று, நடனக்காரர் அல்லாதவர்களோடு 'ரோமன் ஃபோட்டோ' என்று ஒன்று. தப்பாகப் போவதே அங்கே விளையாட்டின் விதி.

இதற்கு நல்ல அமைப்பாளர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். இருந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையையே படித்திருக்க மாட்டீர்களோ என்னவோ. 'தழுவல்' என்ற பெயரில் அசலின் எட்டு நிமிடத்தை அப்படியே வைத்துவிட்டு முன்னும் பின்னும் ஏதாவது சேர்ப்பது தழுவல் ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

முடிவெடுக்கும் நேரத்தில்

மூன்று நான்கு மாதம்தான் இருக்கிறது, ஆட்கள் வந்து போகிறவர்கள் என்றால் திறந்துவிட்ட படைப்பு, அல்லது குறிப்பு வகை. ஆட்கள் நிலையாக இருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது என்றால் பகுதியும் ஆளும். பணம் இருந்து ஆட்கள் நிலையில்லை என்றால் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பாருங்கள். வீடியோ மட்டும் என்ற வழியை எந்த நிலையிலும் நான் சொல்ல மாட்டேன். முழுப் படைப்பைச் செய்யக்கூடிய குழுக்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

இசையை எல்லோரும் கடைசியில்தான் நினைப்பார்கள். நடனத்துக்கான உரிமை கிடைத்தால் இசையும் கூடவே வந்துவிடாது. பாட்டின் உரிமை வேறு, அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறு, வீடியோவாக இணையத்தில் ஏற்றுவது இன்னும் வேறு. புகழ்பெற்ற பாடல்களை நம்பி நிற்கும் படைப்பு என்றால் இதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

அனுமதி கேட்கும் மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதுங்கள். எத்தனை பேர், என்ன வயது, எவ்வளவு பயிற்சி, எந்தப் பகுதி, எத்தனை காட்சி, டிக்கெட் உண்டா, பதிவு செய்வீர்களா, சொல்லித்தர யாரைப் பரிந்துரைப்பார்கள் — இவ்வளவு போதும். அவருடைய படைப்பு உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்பது மூன்றாவது பத்திக்கு மேல் போக வேண்டாம். அமெச்சூர் என்பதை மறைக்காதீர்கள்; அதைக் கேட்டே ஆர்வம் கொள்பவர்களும் இருக்கிறார்கள், மறைத்தது முதல் ஒத்திகையில் எப்படியும் தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குக் கேட்டு எழுதுவதில் தப்பில்லை. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் பட்டியலில் அடுத்ததற்குப் போய்விடுங்கள். எழுத்தில் சம்மதம் வந்த பிறகு அரங்கத்தைப் பதிவு செய்தால் போதும்.